தென்னையின் பகைவன்: கடல் கடந்த ஒரு வண்டின் வரலாறு

"தென்னையை வைத்தவன் தின்று சாவான்; பனையை வைத்தவன் பார்த்துச் சாவான்" என்பது நம் முன்னோர் பழமொழி. வைத்தவன் கண்மூடும் முன்னரே பயன் தந்துவிடும் மரம் தென்னை என்பது அதன் பொருள். அதனாலேயே, தமிழர் கப்பலேறி எந்த நாட்டுக்குச் சென்றாலும், தலைக்கு மேல் ஒரு கூரை கிடைத்தவுடன் கொல்லையில் ஒரு தென்னம்பிள்ளையை ஊன்றினர். மலேசியத் தோட்டங்களில் லயத்து வீடுகளின் பின்புறம் வரிசையாக நின்ற தென்னைகளே இதற்குச் சான்று. குழம்புக்குத் தேங்காயும், நோயாளிக்கு இளநீரும், பந்தலுக்குக் குருத்தோலையும், வாசல் பெருக்க ஈர்க்கும் அம்மரங்களே தந்தன. சம்பளம் குறைந்த மாதத்தில் கடைக்குப் போகாமல் கைகொடுத்த செல்வமும் அவையே.

இத்தகைய மரத்தின் குருத்தைத் துளைத்து உள்ளே புகும் பூச்சி ஒன்று உண்டு. விரியாத குருத்தோலையை அது மென்று துளைத்துவிடும். பின்னர் அவ்வோலை விரியும்போது, கத்தரிக்கோலால் முக்கோணமாக வெட்டிய காகித விசிறிபோல் காட்சி தரும். காண்டாமிருக வண்டு என்று நாம் அழைக்கும் பூச்சி அதுவே. ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758-இல் தம் நூலில் இதற்குப் பெயர் வைத்தபோதும், தலையில் உள்ள கொம்பைக் கண்டு காண்டாமிருகத்தின் பெயரையே வைத்தார்.

இவ்வண்டின் வரலாறு பூச்சியின் வரலாறு மட்டுமன்று. அதில் ரப்பரின் வரலாறு உண்டு. போரின் வரலாறு உண்டு. மனிதனுடைய கவனக்குறைவின் வரலாறும் உண்டு. இந்நோய்க்கு மருந்து தேடி உலகம் நம் நாட்டிற்கே வந்த கதையும் அதில் அடங்கியுள்ளது. அதனை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

மரத்தில் வண்டு, குப்பையில் புழு

வரலாற்றைத் தொடங்கும் முன் வண்டின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும். அஃதறியாமல் மேலே சொல்லப்போவது விளங்காது.

காண்டாமிருக வண்டு தென்னையில் பிறப்பதில்லை. பெண் வண்டு முட்டையிடுமிடம் மக்கிய குப்பை, சாணக்குழி, மரத்தூள் குவியல், உளுத்த தென்னங்கட்டை ஆகியவையே. பத்து நாள் அளவில் முட்டை பொரிந்து வெண்ணிறப் புழு வெளிவரும். அப்புழு மூன்று முதல் ஏழு மாதம் வரை அந்த மக்கலைத் தின்று, பெரியவர் விரல் பருமனுக்குக் கொழுக்கும். பச்சை மரத்தை அது தொடுவதே இல்லை. பிறகு ஏறக்குறைய மூன்று வாரம் கூட்டுப்புழுவாகக் கிடந்து, கரிய வண்டாக எழும். எழுந்த பிறகே அது தென்னையை நாடும். இரவில் பறந்து சென்று, குருத்தை ஒட்டிய மட்டை இடுக்கில் இறங்கித் துளையிட்டுச் சாற்றை உறிஞ்சும். வளர்ந்த மரம் ஓலைகளை இழந்து காய்ப்புக் குறைந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இளங்கன்றின் நடுக்குருத்தையே வண்டு துளைத்துவிட்டால் அக்கன்று மடிந்துவிடும். வண்டு செய்த புண்ணில் சிவப்புக் கூன்வண்டு முட்டையிடுவதும் உண்டு. அதன் புழு உள்ளிருந்தே மரத்தை அரித்துச் சாய்த்துவிடும். அந்தக் கூன்வண்டு 2007-இல் திரங்கானு மாநிலத்தில் கண்டறியப்பட்டது.

ஆகவே காண்டாமிருக வண்டுக்கு இரண்டு வீடுகள் உண்டு. உண்ணும் வீடு மரத்தின் உச்சி. பிறந்து வளரும் வீடு நம் காலடியில் கிடக்கும் குப்பை. இந்த இரண்டாவது வீட்டை மறந்ததே உலகம் செய்த பெரும் பிழை.

ரப்பரோடு போன விருந்தாளி

இவ்வண்டின் தாயகம் இந்தியா, இலங்கை முதல் மலாய்த் தீவுகள் வரை பரந்த தெற்கு, தென்கிழக்கு ஆசியப் பகுதியாகும். பசிபிக் தீவுகளில் தென்னை இருந்தது. காண்டாமிருக வண்டு இல்லை. அத்தீவு மக்களுக்குத் தென்னையே உணவு, தென்னையே கூரை, கொப்பரையே காசு.

இந்நிலையில் ரப்பர் வந்தது. பிரேசிலிலிருந்து 1876-இல் லண்டன் மாநகருக்குக் கொண்டுசெல்லப்பட்ட விதைகளில் முளைத்த கன்றுகள் அதே ஆண்டு இலங்கைக்கு வந்தன. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. நம் பாட்டன்மாரை இந்நாட்டுக் காடுகளுக்கு அழைத்துவந்தது அந்த மரமே என்பதை நாம் அறிவோம். அக்காலத்தில் ஜெர்மானியர் ஆட்சியில் இருந்த சாமோவாத் தீவிலும் ரப்பர் பயிரிட விரும்பினர். 1909-இல் இலங்கையிலிருந்து ரப்பர் நாற்றுக்கட்டைகள் கப்பலில் அங்கே சென்றன. அவற்றோடு காண்டாமிருக வண்டும் சென்றது. நாற்றை அனுப்பியவரும் அறியவில்லை, வாங்கியவரும் அறியவில்லை.

தாயகத்தில் அவ்வண்டு தென்னையைக் கெடுத்தாலும் அடியோடு அழித்ததில்லை. சாமோவாவிலோ நிலைமை வேறாயிற்று. எங்கு நோக்கினும் தென்னை. அதனடியில் உளுத்த கட்டைகள். வண்டைத் தாக்கக்கூடிய பழைய பகை ஒன்றும் அங்கில்லை. சில ஆண்டுகளுக்குள் அது அத்தீவின் முதல் எதிரியாகிவிட்டது.

சட்டமும் பூஞ்சணமும் குளவியும்

ஜெர்மானிய அரசு சும்மா இருக்கவில்லை. வண்டையும் புழுவையும் தேடிப் பொறுக்கி அழிக்கும்படி மக்களுக்கு ஆணையிட்டது. கார்ல் பிரீடரிக்ஸ் என்னும் அறிஞர், புழுவின் உடலில் பச்சைத் தூளாகப் படர்ந்து அதைக் கொல்லும் ஒரு பூஞ்சணத்தைக் கொண்டு 1913-ஆம் ஆண்டளவில் சோதனை செய்தார். மக்கிய குவியல்களை வண்டுக்குப் பொறியாக அமைத்து, அவற்றில் அப்பூஞ்சணத்தைக் கலப்பது அவர் கண்ட வழி. அது வேலை செய்தது. ஆயினும் தானாகவே தீவெங்கும் பரவி வண்டை அடக்கும் ஆற்றல் அதற்கு இல்லை.

1914-இல் உலகப்போர் மூண்டதும் சாமோவா நியூசிலாந்தின் கைக்கு மாறியது. ஆள்வோர் மாறினர், வண்டு மாறவில்லை. புழுவைக் கொட்டி அதன்மேல் முட்டையிடும் பெருங்குளவியை ஆப்பிரிக்கக் கரையோரத்துச் சான்சிபாரிலிருந்து கொண்டுவந்து விட்டனர். குளவி அங்கே நிலைத்ததே தவிர, வண்டின் தொகை அதனால் போதிய அளவு குறையவில்லை. ஏறக்குறைய அறுபது ஆண்டுக்காலம் இப்போராட்டம் நீடித்தது.

ஒரு சிறு தீவின் வெற்றி

இதற்கிடையே ஓர் அரிய நிகழ்ச்சி நடந்தது. தொங்கா நாட்டைச் சேர்ந்த நியுவாதொபுதாபு என்னும் சிறு தீவில் 1921-இல் இவ்வண்டு காணப்பட்டது. அத்தீவினர் வண்டு பிறக்கும் இடங்களைத் தேடி ஒழிப்பதில் முனைந்தனர். உளுத்த கட்டை, விழுந்த மரம், குப்பைக்குவியல் ஆகிய யாவும் அகற்றப்பட்டன. 1930-ஆம் ஆண்டளவில் வண்டு அத்தீவிலிருந்து அடியோடு நீங்கியது.

மருந்தில்லை, இயந்திரமில்லை. மக்கள் குனிந்து தங்கள் நிலத்தைத் துப்புரவு செய்தார்கள், அவ்வளவே. தீவு சிறியதாகையால் அது கைகூடிற்று என்பது உண்மை. ஆனால் அவர்கள் மரத்தின் உச்சியை மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிராமல் தரையைப் பார்த்தார்கள் என்பதும் உண்மை.

போரும் வண்டும்

இரண்டாம் உலகப்போர் வண்டுக்கு நற்காலமாயிற்று. போர்க்காலத்தில் கப்பல்கள் தீவுக்குத் தீவு ஓடின. எதில் என்ன செல்கிறது என்று பார்ப்பாரில்லை. 1942-ஆம் ஆண்டளவில் பலாவுத் தீவுகளில் வண்டு புகுந்தது. அங்கே போரில் வீழ்ந்த தென்னைகளை வெட்டி அகற்றவும் ஆளில்லை. கிடந்த இடத்தில் அவை உளுத்தன. பத்தாண்டுகளுக்குள் அத்தீவுகளின் தென்னைகளில் ஏறத்தாழப் பாதி மடிந்தன. தென்னையே இல்லாமற்போன சிறு தீவுகளும் உண்டு.

1953-இல் வண்டு பீஜித் தீவை அடைந்தது. 1903 முதல் சென்னைத் துறைமுகத்தின் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்ற தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் வேரூன்றிய நாடு அது. தாய்நாட்டில் தாங்கள் கண்ட அதே கொம்பு வண்டை அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அங்கே கண்டனர். 1962-இல், தமிழர் பலர் வாழும் மொரிசியஸ் தீவுக்கும் அது வந்து சேர்ந்தது.

'மலாயா நோய்'

தாயகத்தில் அடங்கியிருந்த பூச்சி வெளிநாட்டில் அடங்காததற்குக் காரணம் யாது? தாயகத்தில் அதைக் கட்டுப்படுத்தும் ஏதோ ஒன்று, அது கப்பலேறியபோது உடன் செல்லவில்லை. அந்த ஒன்றைத் தேடவேண்டுமானால் தாயகத்திற்குத்தான் வரவேண்டும்.

அவ்வாறு தேடி வந்தவர் அலோயிஸ் ஹூகர் என்னும் ஜெர்மானியப் பூச்சிநோய் அறிஞர். 1963-இல் அவர் மலாயாவில் சேகரித்த புழுக்களுள் சில நோயுற்றிருந்தன. நல்ல புழுவின் உடல் பால்போல் வெளுத்திருக்கும். நோயுற்ற புழுவின் வயிறு வீங்கி, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவத் தோன்றிற்று. ஆராய்ந்ததில், அதுவரை அறியப்படாத ஒரு வைரஸ், அதாவது நச்சுயிர், அந்நோய்க்குக் காரணம் எனத் தெரிந்தது. 1966-இல் அதைப் பற்றிய விளக்கம் வெளியாயிற்று. ஆய்வாளர்கள் அந்நோய்க்கு 'மலாயா நோய்' என்று பெயரிட்டனர். நம் நாட்டின் பெயரை ஒரு நோய்க்கு வைத்தார்களே என்று வருந்த வேண்டா. பல்லாயிரம் குடும்பங்களின் தென்னையைக் காத்த நோய் அது.

அந்நச்சுயிர் வேலை செய்யும் முறை வியப்புக்குரியது. புழுவை அது சில வாரங்களில் கொன்றுவிடும். வளர்ந்த வண்டையோ உடனே கொல்வதில்லை. நோயுற்ற வண்டு மேலும் சில காலம் பறந்து திரியும், ஆனால் அதன் ஆயுள் குறையும், முட்டையிடுவதும் குறையும். அதன் எச்சத்தோடு நச்சுயிர் வெளியேறி, அது சென்றமரும் குருத்திலும் குப்பையிலும் மற்ற வண்டுகளைத் தொற்றும். பகைவனுக்கு எதிரான தூதைப் பகைவனே சுமந்து சென்று வீடுவீடாகக் கொடுப்பது போன்றது இது. மண்ணில் தனியே கிடந்தால் அந்நச்சுயிர் விரைவில் அழிந்துவிடும். வண்டின் உடலே அதற்கு வாகனம். 1909-இல் சாமோவாவுக்குப் போன வண்டுகளோடு அது போகவில்லை. நோயற்ற சில வண்டுகளோ புழுக்களோ அங்கே சேர்ந்தன போலும்.

1967-இல் அந்நச்சுயிர் சாமோவாவில் விடப்பட்டது. அது தானே தீவெங்கும் பரவியது; சில ஆண்டுகளில் ஓலைச் சேதம் பெரிதும் குறைந்தது. 1970 முதல் பீஜி, தொங்கா, மொரிசியஸ் ஆகிய நாடுகளிலும் அது விடப்பட்டு நற்பயன் தந்தது. கேரளக் கரைக்கப்பால் உள்ள மினிக்காய்த் தீவிலும் 1980-களில் அவ்வாறே செய்தனர். பூச்சியைக் கொண்டு பூச்சியையும், நோயைக் கொண்டு பூச்சியையும் அடக்கும் கலையில் இது புகழ்பெற்ற வெற்றிகளுள் ஒன்றாகும்.

எங்கள் பள்ளியின் எருக்குழி

இங்கே வாசகர் ஒரு கேள்வி கேட்கலாம். அந்த நோய் நம் நாட்டிலேயே இருக்கும்போது, நம் கொல்லைத் தென்னைகள் ஏன் சாகின்றன? இதற்கு விடையை நான் நூலில் கற்கவில்லை. என் பிழையால் கற்றேன்.

பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளிவந்து ஒரு தோட்டப் பள்ளியில் ஆசிரியராக அமர்ந்த புதிது. பள்ளித் தோட்டம் போடுவதும் எரு தயாரிப்பதும் எங்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தன. ஆர்வத்தோடு மாணவர்களைக் கொண்டு பள்ளியின் பின்புறம் ஆழமான குழி வெட்டினேன். மாடு வைத்திருந்தவர்களிடம் சாணமும், மரம் அறுத்த இடத்தில் தூளும், வெட்டிய புல்லும் கொண்டுவந்து நிரப்பினோம். குழியை அவ்வப்போது கிளறிப் புரட்ட வேண்டும் என்று பாடத்தில் படித்திருந்தேன். தேர்வு வேலையில் மறந்துவிட்டேன். சில மாதம் கழித்து, ஒரு சிறுவன் கையளவு வெள்ளைப் புழுவை எடுத்துவந்து காட்டினான். "மண்ணுக்கு நல்லது, போட்டுவிடு" என்றேன். ஆசிரியர் சொன்னார் என்று அவனும் திரும்பக் குழியிலேயே போட்டான்.

பள்ளிக்கு அடுத்த லயத்தில் ஒரு பாட்டி இருந்தார். பால்மரம் சீவி ஓய்ந்த கை. பேரன் பிறந்த ஆண்டு நான்கு தென்னம்பிள்ளைகளை வைத்து வளர்த்துவந்தார். ஒருநாள் அவர் வந்து, "வாத்தியாரையா, என் பிள்ளையெல்லாம் குருத்தோட சாயுதுங்க. பொழுது சாஞ்சா உங்க பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்துதான் வண்டு இரைஞ்சுகிட்டு வருதுங்க" என்றார். நான் முனை வளைந்த கம்பி ஒன்றைக் கொண்டுபோய்க் குருத்திலிருந்து இரண்டு வண்டுகளைக் குத்தி எடுத்தேன். ஏதோ பெரிய உதவி செய்துவிட்டதாக எண்ணிக்கொண்டேன். அவர் சொன்னதில் இருந்த இரண்டாம் பாதியை என் காது கேட்கவில்லை. நான்கு கன்றுகளில் மூன்று மடிந்தன.

பிறகு, தோட்டத்தில் வயது முதிர்ந்த தொழிலாளர் ஒருவர் மண்வெட்டியோடு வந்து எங்கள் எருக்குழியைப் புரட்டினார். ஒரு மண்ணெண்ணெய்த் தகரம் நிறையப் புழு. கோழிகளுக்குக் கொட்டினோம். எதுவும் பேசாமல் அவர் என்னைப் பார்த்த பார்வை இன்றும் நினைவில் உள்ளது. பாட்டிக்கு மூன்று கன்றுகள் வாங்கிக்கொடுத்தேன். ஆனால் கன்றைக் கொடுக்கலாம், அது வளர்ந்த ஆண்டுகளைக் கொடுக்க முடியுமா? புதுக்கன்றுகள் காய்க்கும் முன்னரே அவர் மறைந்துவிட்டார். தென்னையை வைத்தும் தின்னாமற் போனார்.

வண்டின் நோய் நம் மண்ணில் இருப்பது உண்மை. ஆனால் வண்டுக்கு நாம் அளவில்லாமல் தொட்டில் கட்டிக்கொடுத்தால், நோய் கொல்வதைவிட மிகுதியாக அது பெருகும். ஒரு பள்ளிக்கூடத்துக் குழிக்குப் பொருந்தும் இவ்வுண்மை பெருந்தோட்டங்களுக்கும் பொருந்தும். 1990-களில் செம்பனை மறுநடவின்போது பழைய மரங்களை எரிக்கும் வழக்கம் கைவிடப்பட்டு, சீவித் துண்டாக்கி நிலத்திலேயே மக்கவிடும் முறை பரவிற்று. புகை குறைந்ததும் மண் வளம் பெற்றதும் நன்மைகளே. ஆனால் மக்கும் சீவல் வண்டுக்கு விருந்தாயிற்று. இளஞ்செம்பனைகளில் சேதம் மிகுந்தது. கிடக்கும் கட்டைகளின்மேல் மூடுகொடிப் பயிர் அடர்ந்து படர்ந்தால், வண்டு முட்டையிட வருவது குறையும் என்று 1960-களிலேயே இந்நாட்டு ஆய்வுகள் காட்டியிருந்தன. அறிந்த உண்மையும் மறந்தால் பயனில்லை.

2007: மீண்டும் ஒரு புறப்பாடு

மலாயா நோயோடு கதை முடிந்தது என்று உலகம் எண்ணியிருந்தது. 2007-இல் குவாம் தீவில் காண்டாமிருக வண்டு காணப்பட்டது. வழக்கம்போல் நச்சுயிரை விட்டுப் பார்த்தனர். எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. ஆராய்ந்தபோது, இது மரபணுவில் வேறுபட்ட ஒரு தனிக்கிளை எனத் தெரிந்தது. 2013-இல் ஹவாயித் தீவிலும், 2015-இல் சாலமன் தீவுகளிலும் அக்கிளை கண்டறியப்பட்டது. 2015-இல் குவாமைத் தாக்கிய புயல் ஏராளமான மரங்களை முறித்துப் போட்டது. அவை உளுத்த இடமெல்லாம் புழு பெருகி, சேதம் பன்மடங்காயிற்று. பலாவில் போர் செய்த வேலையைக் குவாமில் புயல் செய்தது. இக்கிளையையும் அடக்கவல்ல நச்சுயிர் வகையைத் தேடி அறிஞர்கள் மறுபடியும் ஆசிய நாடுகளை நாடினர்.

நாம் செய்யத்தக்கவை

இவ்வரலாற்றிலிருந்து ஒரு வீட்டுக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியவை சிலவே. தென்னை மடிந்தால் அடிமரத்தைக் கிடக்கவிடக் கூடாது. பிளந்து உலர்த்தி அப்புறப்படுத்த வேண்டும். எருக்குழியை மாதம் ஒரு முறையேனும் புரட்டிப் புழுவைப் பொறுக்க வேண்டும். கோழிகள் மீதியைப் பார்த்துக்கொள்ளும். கன்றின் மட்டை இடுக்குகளில் மணலோடு வேப்பங்கொட்டைத் தூளைக் கலந்து இடுவதும், ஆமணக்குப் புண்ணாக்கை நீரில் ஊறவைத்த பானையால் வண்டை ஈர்த்துப் பிடிப்பதும் தமிழ்நாட்டு வேளாண் துறையினர் பரிந்துரைக்கும் முறைகள். வண்டின் மணத்தை ஒத்த செயற்கைப் பொருளை வைத்த வாளிப் பொறிகளும் 1990-கள் முதல் பயன்பட்டு வருகின்றன. ஆனால் பொறியை மட்டும் நம்பிக் குப்பையை விட்டுவைப்பது, ஓட்டைப் படகில் நீரை இறைத்துக்கொண்டே போவதற்கு ஒப்பாகும். அண்டை வீட்டார் குழியிலிருந்தும் வண்டு பறந்து வருமாதலால், ஒரு வரிசை வீட்டார் எல்லாரும் சேர்ந்தே செய்ய வேண்டிய வேலை இது.

மற்றொன்று: மண்ணோடு சேர்ந்த கன்றையோ எருவையோ ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுபோகுமுன் உதறிப் பார்க்க வேண்டும். 1909-இல் கப்பலேறிய சில ரப்பர் நாற்றுக்கட்டைகளை யாரேனும் ஒருவர் உதறிப் பார்த்திருந்தால், சாமோவா மக்கள் அறுபது ஆண்டுகள் துன்பப்பட்டிருக்க மாட்டார்கள்.

எங்கள் பள்ளியில் இன்றும் எருக்குழி உண்டு. ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை மாணவர்கள் அதைப் புரட்டுகின்றனர். புழு கிடைத்தால் முதலில் என்னிடம் கொண்டுவந்து காட்டவேண்டும் என்பது கட்டளை. இப்போதெல்லாம் நான் அதைத் திரும்பப் போடச் சொல்வதில்லை.